ஒரு நாளைக்கு எத்தனை பந்து? இளம் கோல்ஃப் பசங்க பத்தி வாசகர் கேள்விகள்

பசங்களோட விளையாட்டு, வலி, காயம் பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். கிரிக்கெட்டும் பேட்மின்டனும் தான் வந்து குவியும்னு நெனச்சேன், பாத்தா கோல்ஃப் கேள்வி தான் அதிகம். சரி, இந்த தடவை முழுக்க அதுக்கே விட்டுடலாம். நான் பிசியோ, கோச் இல்ல, அதனால ஸ்விங்கை (மட்டையை வீசற விதத்தை) எப்படி திருத்தறதுன்னு கேட்டவங்க மன்னிக்கணும், அந்த மெயில் எல்லாத்தையும் ஓரமா வெச்சிட்டேன்.

கேள்வி: கோல்ஃப்ல எல்லாம் என்ன சார் காயம் வரப்போகுது? தொப்பி போட்டுட்டு நடக்கறாங்க, நடுநடுல ஒரு தட்டு தட்டறாங்க. பணக்காரங்க வாக்கிங் போறதுக்கு அது ஒரு பேரு, அவ்ளோதானே?
(ஒரு வாசகர், மதுரை)

அந்த "ஒரு தட்டு" இருக்கு பாருங்க, அங்க தான் விஷயமே. மேல போன கிளப் (கோல்ஃப் மட்டை) கீழ வந்து பந்தை தொட கிட்டத்தட்ட கால் செகண்டு தான் ஆகும், அதுக்குள்ள டிரைவரோட (தூரமா அடிக்கற நீளமான கிளப்) தலை, அமெரிக்க ப்ரோ டூர்ல ஆடற ஆம்பளைங்களுக்கு, மணிக்கு 180 கிலோமீட்டரை தாண்டிடும். அந்த வேகம் வெறும் கையில இருந்து வர்றதில்ல, இடுப்பும் முதுகும் முறுக்கி பிரியறதுல இருந்து வருது. அந்த நேரத்துல கீழ்முதுகுல விழற அழுத்தம் உடம்பு எடையைப் போல எட்டு மடங்கு வரைக்கும் போகும்னு அளந்து பாத்திருக்காங்க. ஓடும்போது அதுல பாதி கூட விழாது.

டைகர் வுட்ஸ் 2008 யுஎஸ் ஓப்பனை ஜெயிச்சப்போ இடது முழங்கால்ல லிகமென்ட் கிழிஞ்சு, அதுக்கு கீழ எலும்புலயும் விரிசலோட 91 ஹோல் (குழி) ஆடினார். அப்புறம் 2014-ல இருந்து 2017-க்குள்ள முதுகுல மட்டும் நாலு ஆபரேஷன். வாக்கிங் போறவங்களுக்கு இதெல்லாம் வராது சார்.

கேள்வி: என் பையனுக்கு 13 வயசு, ஸ்டேட் லெவல்ல ஆடறான். தினமும் ஸ்கூல் விட்டு வந்து ரேஞ்ச்ல (பந்து அடிச்சு பழகற இடம்) 300, 400 பந்து அடிக்கிறான், சனி ஞாயிறுல இன்னும் ஜாஸ்தி. ஒன்றரை மாசமா முதுகுக்கு கீழ வலது பக்கம் வலிக்குதுங்கறான். கோச் தசை பிடிப்பு தான், தைலம் தேச்சா போயிடும்ங்கறார். இந்த வருஷம் மளமளன்னு வளந்துட்டான், போன ஜூன்ல வாங்கின யூனிஃபார்ம் பேன்ட் எல்லாம் கட்டையாயிடுச்சு. என்ன பண்றது?
(ஒரு அம்மா, கோவை)

அம்மா, தைலத்தை மூடி வெச்சிட்டு இந்த வாரமே ஒரு எலும்பு டாக்டரையோ ஸ்போர்ட்ஸ் மெடிசின் டாக்டரையோ பாருங்க. அதுவரைக்கும் கிளப்பை தொட வேணாம்.

பெரியவங்களுக்கு முதுகு வலின்னா முக்கால்வாசி தசை தான், ஆடற சின்ன பசங்க விஷயத்துல அப்படி நெனச்சிட்டு இருந்துட முடியாது. முதுகெலும்போட கீழ்ப்பகுதியில ஒவ்வொரு எலும்புக்கும் பின்பக்கம் ஒல்லியா ஒரு பாகம் இருக்கு. முதுகை பின்னாடி சாச்சு அதே நேரத்துல திருப்பற விளையாட்டுல எல்லாம் அடி வாங்கறது அது தான், ஃபாஸ்ட் பவுலிங், ஜிம்னாஸ்டிக்ஸ், டென்னிஸ் சர்வ், கோல்ஃப் எல்லாமே அந்த லிஸ்ட் தான். ஒரு நாள் விழுந்து ஒடையறது இல்ல இது, கம்பியை ஒரே இடத்துல மடக்கி மடக்கி நிமித்தினா ஒரு கட்டத்துல விரிசல் விடும் பாருங்க, அந்த கதை. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்னு சொல்வாங்க. வலது கை ஆட்டக்காரங்களுக்கு கீழ்முதுகுல வலது பக்கம் தான் சுமை ஜாஸ்தி விழும், அதனால நீங்க வலது பக்கம்னு எழுதினதும் எனக்கு கொஞ்சம் உறுத்துது.

பேன்ட் கட்டையாயிடுச்சுன்னு எழுதினீங்க இல்ல, டாக்டர்கிட்ட மறக்காம அதை சொல்லுங்க. ஆம்பள பசங்க 13, 14 வயசு வாக்குல தான் ஒரேயடியா உசரமாவாங்க, பொண்ணுங்க அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே. எலும்பு நீளமாயிடும் ஆனா கெட்டியாக கொஞ்சம் நாள் எடுக்கும், தசை பலமும் பின்னாடி தான் வரும், இந்த இடைவெளியில உடம்பு இறுகி போயிருக்கும், போன வருஷம் வந்த ஸ்விங் இந்த வருஷம் வராது. அது வரலைன்னு பையன் இன்னும் நூறு பந்து கூட அடிப்பான். நல்லா கவனிங்க, பயிற்சியை குறைக்க வேண்டிய நேரத்துல தான் எல்லா வீட்லயும் கூட்டறாங்க.

ஒத்தக்கால்ல நின்னு மெதுவா பின்னாடி சாயும்போது வலி சுருக்குன்னு வந்தா சந்தேகம் ஜாஸ்தி, வரலைன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் கிடையாது, அதனால வீட்ல டெஸ்ட் பண்ணி நீங்களே முடிவு பண்ணாதீங்க. எக்ஸ்ரேல இந்த விரிசல் ஆரம்பத்துல தெரியாமலே போகலாம், எக்ஸ்ரே நார்மல்னு கோச் மறுபடி இறக்கி விட்டுட போறார். எம்ஆர்ஐ வேணுமான்னு டாக்டரை கேளுங்க. விரிசல் தான்னு தெரிஞ்சா மூணு மாசம் போல ஸ்விங் கிடையாது, அதோட வயிறு, இடுப்பு தசைக்கு பயிற்சி. நேரத்தோட பிடிச்சா பெரும்பாலான பசங்க திரும்பி வந்து நல்லாவே ஆடறாங்க, பயப்பட வேணாம். ஆனா கால் மரத்து போறது, ராத்திரி தூக்கத்துல வலி எழுப்பறது, காய்ச்சல், ஒண்ணுக்கு போறதுல கோளாறுன்னு ஏதாவது இருந்தா வாரம் எல்லாம் காத்திருக்காதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி.

இப்ப அந்த 400 பந்துக்கு வரேன். பார் 72 கோர்ஸ்ல (ஒரு ரவுண்டை 72 அடியில முடிக்கணும்னு கணக்கு வெச்ச மைதானம்) 36 ஸ்ட்ரோக் பட்டிங்குக்குனு (குழிக்கு பக்கத்துல பந்தை உருட்டி விடறது) ஒதுக்கின கணக்கு. மீதி இருக்கற 36-லயும் சிப்பிங் (கிட்ட இருந்து மெல்ல தூக்கி போடறது), பங்கர் (மணல் பள்ளம்)னு கொஞ்சம் போயிடும், நம்ம பசங்க நாலஞ்சு ஸ்ட்ரோக் கூடுதலா ஆடறதையும் சேத்தா கூட ஒரு ரவுண்டுக்கு முழு ஸ்விங் 40 வந்தா பெருசு. அப்ப உங்க பையன் ஸ்கூல் விட்டு வந்து ஒரு சாயங்காலத்துல பத்து ரவுண்டு ஆடற அளவுக்கு முதுகை முறுக்கறான், அதுவும் டோர்னமென்ட்ல மாதிரி நடுவுல நடந்து மூச்சு வாங்காம, ஒரு பந்து போனதும் அடுத்த பந்து.

பேஸ்பால்ல சின்ன பசங்க ஒரு நாளைக்கு எத்தனை பந்து எறியலாம்னு வரம்பு இருக்கு, கிரிக்கெட்லயும் இளம் ஃபாஸ்ட் பவுலருக்கு ஓவர் கணக்கு இருக்கு. கோல்ஃப் ரேஞ்ச்ல எண்ணறது ஒரு பக்கெட் பந்துக்கு எவ்ளோ காசுங்கறதை மட்டும் தான். எத்தனை மணி நேரம் ப்ராக்டிஸ்னு பெருமையா சொல்ற அப்பா அம்மாவை நிறைய பாத்திருக்கேன், எத்தனை முழு ஸ்விங்னு கேட்டா முழிப்பாங்க. நான் என்கிட்ட வர்ற பசங்களுக்கு சொல்றது, இது ரூல் இல்ல என் அபிப்பிராயம், இந்த வயசுல ஒரு நாளைக்கு நூறு முழு ஸ்விங் தாராளம், வாரத்துல ரெண்டு நாள் சுத்தமா லீவு. மிச்ச நேரம் எவ்ளோ வேணா சிப் பண்ணட்டும், பட் பண்ணட்டும், ஸ்கோர் குறையறதும் அங்க தான். ஆனா பட்டிங் ரொம்ப நேரம் குனிஞ்சே ஆடினாலும் முதுகு பிடிக்கும், இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை நிமிர சொல்லுங்க.

கேள்வி: என் மகனுக்கு 16. தூரம் தூரம்னு அலையறான். யூடியூப் பாத்து கனம் கம்மியான ஸ்பீட் ஸ்டிக் வாங்கி வீசறான், ஜிம்முக்கும் போறேங்கறான். வெயிட் தூக்கினா வளர்த்தி நின்னுடும்னு என் மாமியார் ஒரே சண்டை. யார் சொல்றது சரி?
(ஒரு வாசகி, சென்னை)

ஜிம் விஷயத்துல உங்க பையன் பக்கம். பக்கத்துல தெரிஞ்ச ஆள் நின்னு முறையா சொல்லிக் குடுத்தா வெயிட் ட்ரெய்னிங்கால வளர்த்தி நிக்காது, காயம் குறையத்தான் செய்யும். மாமியார்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, ஒத்துக்க மாட்டாங்க, இருந்தாலும் சொல்லுங்க.

ஸ்பீட் ஸ்டிக் தான் எனக்கு பயம். அதுல வேகம் கூடுது, உண்மை தான், ஆனா அந்த வேகத்தை தாங்கி நிறுத்தற தசை முதல்ல வேணும், அது இல்லாம தினமும் வீசினா முதுகும் விலா எலும்பும் தான் பிரேக் பிடிக்கணும். ஜிம்ல ஒரு சீசன் போகட்டும், அப்புறம் வாரத்துக்கு ரெண்டு நாள், களைச்சு போன நாள்ல வேணாம், ரவுண்டு ஆடி முடிச்சிட்டு வந்து வேணவே வேணாம்.

இன்னொண்ணு, இடுப்பை அப்படியே பூட்டி வெச்சு தோளை மட்டும் முறுக்கோ முறுக்குனு முறுக்கற ஸ்விங் தான் இப்ப ஃபேஷன். அதுல தூரம் வருது, அதுக்கு விலை கட்டறது கீழ்முதுகு. பழைய சாம்பியன் ஜாக் நிக்லஸ் காலத்துல கிளப்பை பின்னாடி கொண்டு போகும்போது இடது குதிகாலை தரையில இருந்து தூக்கிடுவாங்க, இடுப்பும் சேந்து திரும்பிடும், முதுகுக்கு கொஞ்சம் விடுதலை. உங்க பையனுக்கு இடுப்பு மூட்டு இறுக்கமா இருந்தா குதிகாலை தூக்க விடலாமான்னு கோச்சை கேளுங்க, சில கோச்சுக்கு கோவம் வரும். அமெரிக்க ஆட்டக்காரர் வில் ஸாலடோரிஸ் 2022-ல ரெண்டு மேஜர்ல (கோல்ஃபோட பெரிய போட்டிகள்) ரெண்டாவதா வந்தவர், அந்த வருஷமே முதுகு டிஸ்க் பிதுங்கி, 2023 ஏப்ரல்ல ஆபரேஷன், வயசு 26.

அதோட தூரம் இல்லாட்டி ஜெயிக்க முடியாதுன்னு பையன் சொன்னா இந்திய வீராங்கனை அதிதி அசோக் ஆடினதை போட்டு காட்டுங்க. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு கொஞ்சம் முன்னாடி தான் அந்த பொண்ணுக்கு கொரோனா, டிரைவ் தூரத்துல மத்தவங்களை விட ரொம்ப பின்னாடி, ஆனா பட்டிங்ல பின்னி எடுத்து 15 அண்டர்ல (பார் கணக்கை விட 15 ஸ்ட்ரோக் கம்மியா ஆடி) நாலாவது இடம், வெண்கலம் ஒரே ஒரு ஸ்ட்ரோக்ல கை நழுவிடுச்சு.

கேள்வி: எங்க ஊர்ல புல்லு ரேஞ்ச் கிடையாது, சிமென்ட் தரையில மேட் போட்டு தான் அடிக்கறோம். 14 வயசு பையன், முழங்கை உள்பக்கம் வலி. கிளப் என்னோட பழசு, ஷாஃப்ட்டை (தண்டை) வெட்டி கட்டையாக்கி குடுத்திருக்கேன். மேட் தான் காரணமா?
(ஒரு அப்பா, திருச்சி)

மேட்டும் தான், கிளப்பும் தான். புல்லுல பந்துக்கு முன்னாடி தரையில பட்டா கிளப் மண்ணை வெட்டிட்டு போயிடும், மேட்ல அந்த அதிர்ச்சி நேரா மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் ஏறுது. மோசமா என்னன்னா மேட்ல கொஞ்சம் பின்னாடி பட்டாலும் கிளப் வழுக்கிட்டு போய் பந்து நல்லா பறக்கும், பையனுக்கு தப்பே தெரியாது, கைக்கு மட்டும் தெரியும். தடிமனா, ரெண்டு லேயர் உள்ள மேட்டா பாருங்க, இல்லைன்னா அயர்ன் (இரும்பு தலை கிளப்) ஷாட் எல்லாத்தையும் பந்தை சின்ன டீ (பந்தை நிறுத்தற குச்சி) மேல வெச்சு அடிக்க சொல்லுங்க.

பெரியவங்க கிளப்பை வெட்டினா நீளம் தான் குறையும் சார், தலை கனம் அப்படியே இருக்கும், ஷாஃப்ட் இன்னும் விறைப்பாயிடும், கிரிப்பும் அந்த கைக்கு தடி. அதை கண்ட்ரோல் பண்ண பையன் இறுக்கி பிடிப்பான், இறுக்கி பிடிச்சா முழங்கையில இழுக்கும். செகண்ட் ஹேண்ட்ல ஜூனியர் செட் கிடைக்கும், ஏழு கிளப் போதும், முழு செட் எல்லாம் இப்ப எதுக்கு. வளர்ற வயசுல முழங்கை உள்பக்கம் எலும்பு இன்னும் ஒட்டாம இருக்கற இடம் ஒண்ணு இருக்கு, அதனால ரெண்டு வாரம் ஓய்வு குடுத்தும் வலி போகலைன்னா காட்டிடுங்க.

கேள்வி: பொண்ணுக்கு 16. ஃபிட்டா இருக்கணும்னு சோறே தொடறதில்ல, சாலட் தான். நாலு மாசமா பீரியட்ஸ் வரல, டோர்னமென்ட் நேரத்துல தொல்லை இல்லைன்னு அவளுக்கு சந்தோஷம் தான். இப்ப இடது பக்கம் விலாவுக்கு பின்னாடி வலி, இருமினா ஜாஸ்தியாகுது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா?
(பேர் வேண்டாம்)

இருக்கும்மா, நல்லாவே இருக்கலாம். செலவழிக்கற அளவுக்கு சாப்பிடலைன்னா உடம்பு முதல்ல நிறுத்தற வேலைகள்ல ஒண்ணு பீரியட்ஸ், அந்த ஹார்மோன் குறைஞ்சா எலும்பும் பலவீனமாகும். எலும்பு சேத்து வெக்கற வயசே இது தான், இப்ப விட்டதை 25 வயசுல பிடிக்கறது கஷ்டம். மூணு மாசம் தொடர்ந்து வரலைன்னாலே லேடி டாக்டரை பாத்திருக்கணும்.

விலா வலியை தசைன்னு நெனச்சு தள்ளி போடறது ரொம்ப சாதாரணமா நடக்குது. வலது கை ஆட்டக்காரங்களுக்கு இடது விலாவுல பின்பக்கமா விரிசல் விடறது கோல்ஃப்ல தெரிஞ்ச காயம். பெரிய சாம்பியன் ரோரி மெக்கில்ராய்க்கே 2017 ஜனவரில விலாவுல ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் வந்துச்சு, லீவு சமயத்துல புது கிளப் டெஸ்ட் பண்றேன்னு நிறைய பந்து அடிச்சிருந்தார், அப்புறம் சில வாரம் ஆடவே இல்ல. அவர் நல்லா சாப்பிடற ஆள். சாப்பிடாத பொண்ணுக்கு அவ்ளோ பந்து கூட தேவையில்ல.

ரெண்டு பிரச்சினையையும் ஒரே டாக்டர்கிட்ட ஒண்ணா சொல்லுங்க, தனித்தனியா சொன்னா தனித்தனியா மாத்திரை தான் வரும். பொண்ணை திட்ட வேணாம். சோறு சாப்பிட்டா ஸ்விங் கெட்டுடும்னு யாரோ சொல்லி வெச்சிருக்காங்க, அது யாருன்னு மட்டும் கண்டுபிடிங்க.

கேள்வி: 12 வயசு பையன் கிளப் பேகை அவனே தூக்கலாமா? கேடி (பேக் தூக்கற ஆள்) வெச்சா கெட்டு போயிடுவான்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார்.
(ஒரு வாசகி, ஊட்டி)

ஊட்டி ஏத்தத்துலயா! தள்ளு வண்டி வாங்கி குடுங்க. 2003-ல வந்த ஒரு ஜெர்மன் ஆய்வுல 703 கோல்ஃப் ஆட்டக்காரங்களை கேட்டு பாத்ததுல, பேகை தானே சுமந்தவங்களுக்கு கீழ்முதுகு, தோள், கணுக்கால் தொந்தரவு ஜாஸ்தின்னு வந்துச்சு. அதே ஆய்வுல பத்து நிமிஷமாவது வார்ம் அப் பண்ணினவங்களுக்கு காயம் கம்மி. மொத்த காயத்துல எண்பது சதவீதத்துக்கு மேல ஒரே வேலையை திரும்ப திரும்ப செஞ்சதால வந்தது தான். தூக்கித்தான் ஆகணும்னா ரெண்டு தோள்லயும் மாட்டற பேக், உள்ள எட்டு கிளப். ரூல்ல 14 வரைக்கும் வெச்சுக்கலாம்னு தான் இருக்கு, 14 இருந்தே ஆகணும்னு இல்ல.

கேள்வி: டைகர் வுட்ஸ் ரெண்டு வயசுலயே டிவில பந்து அடிச்சு காட்டினார். என் பொண்ணுக்கு 8 வயசு, நீச்சலும் கோல்ஃபும் போறா. நீச்சலை நிறுத்திட்டு கோல்ஃப் மட்டும்னு வெச்சிடலாமா?
(ஒரு அப்பா, சேலம்)

நிறுத்தாதீங்க. டைகரை சொல்ற எல்லாரும் அந்த டிவி கிளிப்பை மட்டும் சொல்வாங்க, மேல எழுதின நாலு முதுகு ஆபரேஷனை சொல்ல மாட்டாங்க. ஆபரேஷனுக்கு அந்த வயசுல ஆரம்பிச்சது தான் காரணம்னு நான் சொல்லல, ஆனா ஒரு டைகரை வெச்சு ஊர்ல இருக்கற எட்டு வயசு பொண்ணுங்களுக்கு டைம்டேபிள் போட முடியாது. நிக்லஸ் ஸ்கூல்ல பாஸ்கெட்பால் ஆடினவர், இந்த கால சாம்பியன் ஜோர்டன் ஸ்பீத் பேஸ்பால்ல இடது கையால பந்து எறிஞ்சிட்டு இருந்தவர். அமெரிக்க வீராங்கனை மிஷெல் வீ 16 வயசு முடியறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ப்ரோ (காசுக்கு ஆடறவங்க) ஆனாங்க, 2007-ல மணிக்கட்டு ஒடைஞ்சது, அதுக்கப்புறம் கையும் மணிக்கட்டும் அவங்களை திரும்ப திரும்ப படுத்துச்சு. 2014-ல யுஎஸ் விமென்ஸ் ஓப்பன் ஜெயிச்சாங்க, 2018-ல மறுபடி கையில ஆபரேஷன்.

அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-ல சொன்னது, ஒரே விளையாட்டுன்னு முடிவு பண்றதை 15, 16 வயசு வரைக்கும் தள்ளி போடறது நல்லது, வருஷத்துல மொத்தமா மூணு மாசமாவது அந்த விளையாட்டுல இருந்து லீவு, தொடர்ச்சியா வேணாம் ஒவ்வொரு மாசமா பிரிச்சு எடுக்கலாம். ஸ்போர்ட்ஸ் டாக்டருங்க சொல்ற இன்னொரு கணக்கு சுலபம், வாரத்துக்கு வயசை விட அதிக மணி நேரம் பயிற்சி வேணாம், எட்டு வயசுன்னா எட்டு மணி. கோல்ஃப் எப்பவும் ஒரே பக்கமா திருப்பற ஆட்டம், நீச்சல் ரெண்டு பக்கத்தையும் வேலை வாங்கும். அதை போய் நிறுத்தறேங்கறீங்களே.

கேள்வி: அண்ணா, எனக்கு 17. இடது உள்ளங்கையில சுண்டு விரல் பக்கம் அடியில வலி, கிளப் பிடிச்சாலே குத்துது. பத்து நாள்ல டோர்னமென்ட். அப்பா என்ட்ரி ஃபீ, டிக்கெட், ரூம் எல்லாம் கட்டிட்டார், அவர்கிட்ட சொல்லல. வலி மாத்திரை போட்டு ஆடிட்டு அப்புறம் காட்டலாமா?
(ஒரு தம்பி, பேர் போடாதீங்கன்னு கேட்டிருக்கார்)

தம்பி, வேணாம். கிளப்போட பின்முனை இடது உள்ளங்கையில எங்க அழுத்துதோ அங்க கொக்கி வடிவத்துல சின்ன எலும்பு ஒண்ணு இருக்கு, நீ சொல்ற இடம் கிட்டத்தட்ட அது தான். தரையில ஓங்கி பட்டா ஒடையும், சிலருக்கு அடிச்சு அடிச்சே ஒடையும். அமெரிக்க ஆட்டக்காரர் பிரைசன் டிஷாம்போவுக்கு 2022 ஏப்ரல்ல ஆபரேஷன் பண்ணினது இந்த எலும்புக்கு தான். சாதா எக்ஸ்ரேல மறைஞ்சுக்கும், சிடி ஸ்கேன் எடுத்தா தான் நல்லா தெரியும். அதனால கை டாக்டர்கிட்ட போய் "நான் கோல்ஃப் ஆடறேன், கிளப் இங்க தான் அழுத்துது"ன்னு விரல் வெச்சு காட்டு. ஒடைஞ்சதை வெச்சிட்டு ஆடினா சுண்டு விரலுக்கு போற நரம்பும் பக்கத்துல ஓடற தசைநாரும் சேந்து கெடும், அது ஒரு டோர்னமென்டோட போற விஷயம் இல்ல. வலி மாத்திரை போட்டா ஒடைஞ்சது ஒடைஞ்சபடி தான் இருக்கும், நீ இன்னும் ஓங்கி அடிப்ப, அவ்ளோதான்.

அப்பா விஷயம். இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது சொல்லிடு, காசு போச்சேன்னு ஒரு நாள் கத்துவார். நேரா சொல்ல பயமா இருந்தா இந்த பக்கத்தை அவர் கண்ணுல படற மாதிரி வை. சார், படிக்கறீங்கன்னா, நாளைக்கு காலைல டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போடுங்க, என்ட்ரி ஃபீ திரும்ப கிடைக்குமான்னு மெடிக்கல் சர்டிஃபிகேட்டோட கேட்டு பாருங்க, சில போட்டியில குடுக்கறாங்க.